புரிஞ்சுதா என்று கேட்பதை நிறுத்திய பிறகு

பள்ளி திறக்கிற சமயம் வந்துவிட்டால் எங்கள் டியூஷன் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த நோட்டீஸ் சுற்ற ஆரம்பித்துவிடும். மாணவர்கள் தங்கள் சிந்தனையைத் தாங்களே கவனிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், வார இறுதிப் பயிற்சி, சான்றிதழ் உண்டு, பிள்ளைகளுக்கு அச்சடித்த நோட்டும் தருகிறோம் என்று. நான் அதற்குப் பணம் கட்டி, நேரம் செலவழித்து, பிள்ளைகளையும் இழந்து, அப்புறம் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு யாராவது ஒருத்தர் பத்து நிமிடம் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் அந்த வருடம் அப்படிப் போயிருக்காது. இந்த ஜூனில் பணம் கட்ட யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். விஷயம் பொய்யே இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அதன் படிப்பே மாறிப்போகிறது, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை விற்கிற விதத்தில்தான் கோளாறு.

சேலம் அம்மாபேட்டையில் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் மீடியம். அப்பா விசைத்தறியில் இருப்பார், இல்லை கொலுசுப் பட்டறைக்குப் போவார், அம்மா வீட்டிலேயே ஏதாவது கைவேலை செய்வார். சில பிள்ளைகள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், சிலர் தெலுங்கு, சிலர் கன்னடம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் உண்டு. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த மாடியும் "புரிஞ்சுது மிஸ்" என்று பாடும். மறுநாள் அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பாதிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பொய் சொல்லவில்லை, அந்த நிமிடத்தில் உண்மையாகவே புரிந்த மாதிரிதான் அவர்களுக்கு இருந்திருக்கிறது. காலாண்டுத் தேர்வில் நன்றாக எழுதியிருக்கிறேன், எண்பது வரும் என்று சொன்ன பையன் 34 வாங்கி வந்து, என் முகத்தையே பார்க்காமல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தேர்ச்சிக்கு வேண்டிய 35க்கு ஒரு மார்க் குறைவு. அது எனக்கு ரொம்ப வலித்தது. அந்தச் சமயத்தில்தான் அந்த நோட்டீஸ் மறுபடி கண்ணில் பட்டது.

பயிற்சிக்கு 9,500 ரூபாய். சேர்ந்தவர்கள் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நோட்டைத்தான் வாங்க வேண்டும், ஒன்று 180 ரூபாய். அதில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் ஆனது. ஹாலில் பெரிய திரை, பளபளப்பான படங்கள், மூளையைப் பற்றி நிறையப் பேச்சு. பின்வரிசையில் இருந்த ஒரு டீச்சர் எழுந்து, "ஒரு கணக்கை எடுத்து இப்போ எங்களுக்குச் செஞ்சு காட்டுங்க சார்" என்று கேட்டார். அதெல்லாம் அடுத்த கட்டப் பயிற்சியில் வரும் என்றார்கள். அடுத்த கட்டத்துக்குத் தனிப் பணம். பணம் கட்டிய பிறகு சந்தேகத்துக்குக் கொடுத்த போன் நம்பரை யாரும் எடுக்கவில்லை. ஆக, முதல் விஷயம் இதுதான்: யார் பயிற்சி தந்தாலும் உங்கள் பாடத்திலிருந்து ஒரு கேள்வியைக் கொடுத்து அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். செய்து காட்ட முடியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நோட்டு வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் யோசிக்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் அதே கேள்விகள்தான். இன்று நான் என்ன கற்றேன், அது எனக்கு எப்படி உதவும், இன்று என் மனநிலை எப்படி இருந்தது, நாளை என்ன செய்வேன். வகுப்பு முடிந்ததும் கால் மணி நேரம் எழுத வேண்டும், தினமும். முதல் வாரம் ஆசையாக எழுதினார்கள். அப்புறம் ஒரு நாள் எல்லா நோட்டையும் வாங்கிப் பார்த்தால், "இன்று நான் கற்றது மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நான் இன்னும் கடினமாக முயற்சி செய்வேன்." ஒரே வரி, நோட்டுக்கு நோட்டு, கமா கூட மாறாமல். முந்தின நாள் காய்ச்சல் என்று வராமல் இருந்த பையனும் அந்த நாளுக்குரிய பக்கத்தில் அதையே எழுதியிருந்தான். பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மிஸ்ஸுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்து அதை எழுதியிருக்கிறார்கள், பத்து வருடமாகப் பள்ளிக்கூடம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதானே.

அரையாண்டு மார்க் வந்ததும் பெற்றோர் வர ஆரம்பித்தார்கள். ஒரு அப்பா ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தார், சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "ஏங்க டீச்சர், கணக்குச் சொல்லித் தருவீங்கன்னுதானுங்களே அனுப்பறோம். நோட்டுல பூராம் கதை எழுதிட்டு வர்றானுங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்று அந்தப் பயிற்சியில் ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. ஏழு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மாதம் 600 ரூபாய் என்று வைத்தால் பொதுத்தேர்வு வரைக்கும் அதிலேயே பதினாறாயிரத்துக்கு மேல் போனது. பயிற்சி, நோட்டு எல்லாம் சேர்த்தால் முப்பத்தாறாயிரம், முப்பத்தேழாயிரம் வரும். என் மாதிரி வீட்டில் டியூஷன் எடுப்பவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. பணத்தைவிட, ராத்திரி மாடியைப் பெருக்கும்போது காலியாகக் கிடந்த அந்த இடங்களைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டில் சொன்னால் விட்டுத் தொலை என்பார்கள், சக டியூஷன்காரர்களிடம் சொல்லவும் தயக்கம். யாரிடமும் பேசாமல் சில மாதங்கள் போயின.

கோடை விடுமுறையில்தான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். தமிழில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை, ஆங்கிலக் கட்டுரைகளை அகராதியோடு மெதுவாக வாசித்தேன். மெட்டாகாக்னிஷன் (தன் சிந்தனையைத் தானே கவனிப்பது) என்ற பெயரில் 1970களில் ஜான் ஃபிளாவல் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கிவைத்த ஆராய்ச்சி இது. குழந்தைகளுக்குத் தங்கள் நினைவாற்றலைப் பற்றி என்ன தெரியும் என்று பார்க்கப்போய் வளர்ந்தது. அதில் எனக்குப் பொட்டில் அடித்தது மாதிரி இருந்தது நெல்சனும் டன்லாஸ்கியும் 1991இல் வெளியிட்ட ஒரு சோதனை. சொற்களை ஜோடி ஜோடியாகப் படிக்கக் கொடுத்து, இது பிறகு ஞாபகம் இருக்குமா என்று கேட்கிறார்கள். படித்த உடனே கேட்டால் கணிப்பு கண்டபடி தப்புகிறது. கொஞ்ச நேரம் விட்டு, வேறு எதையாவது படித்த பிறகு கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்கள். படித்த சூட்டில் எல்லாம் தலையிலேயே நிற்பதால் நிரந்தரமாகத் தெரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். வகுப்பு முடிந்த கையோடு "இன்று என்ன கற்றேன்" என்று எழுதவைத்த நோட்டு, எந்த நேரத்தில் பதில் நம்பமுடியாததாக இருக்குமோ சரியாக அந்த நேரத்தில் கேட்டிருக்கிறது.

அதனால் புது வருடத்தில் "புரிஞ்சுதா" என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். மறுநாள் வந்து உட்கார்ந்ததும், நோட்டைத் திறக்கும் முன்பே, நேற்றுப் போட்ட மாதிரிக் கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதுவேன். போடுவதற்கு முன் ஓரத்தில் ஒரு குறி: நிச்சயம் வரும் என்றால் டிக், சந்தேகம் என்றால் கேள்விக்குறி, வராது என்றால் பெருக்கல் குறி. அப்புறம் போட வேண்டும். விடை சரியா தப்பா என்பதற்கு நான் மார்க் போடுவதில்லை, குறிக்கும் மார்க் இல்லை. குறியும் விடையும் ஒத்துப்போகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரு பென்சில் போதும், ஐந்து நிமிடம் ஆகும், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

அளவியல் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஏழு சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளக் கிண்ணம், உட்புறம் மட்டும் வர்ணம் பூச வேண்டும், பரப்பு எவ்வளவு. ஒரு பையன் டிக் போட்டு, அதை இரண்டு தடவை அழுத்திக் கறுப்பாக்கி, 462 என்று எழுதியிருந்தான். விடை 308. அவன் தட்டையான வாய்ப்பகுதியையும் சேர்த்து மொத்தப் புறப்பரப்பு எடுத்திருந்தான், கேட்டது வளைபரப்பு மட்டும். "அவ்வளவு உறுதியா இருந்தியே, எப்படிப்பா?" என்று மட்டும் கேட்டேன், குரலை உயர்த்தாமல். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "அரைக்கோளம்னு படிச்சதும் ஃபார்முலா ஞாபகம் வந்துடுது மிஸ். வந்ததும் மேல படிக்கறத நிறுத்திடறேன்." அந்த நோட்டுகளின் மொத்தப் பக்கங்களிலும் இப்படி ஒரு வரி வந்ததில்லை. அவனே ஒரு வழியும் கண்டுபிடித்தான், ஃபார்முலா எழுதும் முன் கேள்வியின் கடைசி வரிக்கு அடிக்கோடு போடுவது. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டு நாள் செய்திருப்பான், அவன் கண்டுபிடித்ததால் பொதுத்தேர்வு வரை செய்தான். பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2001இல் இதைத்தான் காட்டியிருக்கிறார்கள்: அரைகுறை நம்பிக்கையோடு செய்த தவறைவிட, ரொம்ப உறுதியாகச் சொல்லித் தப்பாகிப்போனது, சரியான விடையைச் சொன்ன பிறகு நன்றாகத் திருந்துகிறது. அந்த ஆச்சரியமே பாடத்தை உள்ளே இறக்கிவிடுகிறது போல. ஆகவே டிக் போட்டுத் தப்பானால் கேலி செய்யாதீர்கள், மற்ற பிள்ளைகள் சிரிக்கவும் விடாதீர்கள். ஒரு தடவை சிரித்தால் அடுத்த நாளிலிருந்து எல்லா நோட்டிலும் கேள்விக்குறிதான் இருக்கும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண், நன்றாகப் படிக்கிற பிள்ளை, எல்லாக் கணக்குக்கும் கேள்விக்குறி போட்டாள். விடை எல்லாம் சரி. ஒவ்வொரு கணக்கையும் மூன்று தடவை சரிபார்ப்பதால் பள்ளித் தேர்வில் நேரம் போதாமல் கடைசி ஐந்து மார்க் கேள்விகளை விட்டுவிட்டு வருவாள். தெரியாததைத் தெரியும் என்று நினைப்பதை மட்டும் நாம் பிரச்சினையாகப் பார்க்கிறோம். தெரிந்ததைத் தெரியாது என்று நினைப்பதும் அதே அளவு மார்க்கைத் தின்கிறது, பெண் பிள்ளைகளிடம் அது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளிடம் "உனக்குத் திறமை இருக்கு, பயப்படாதே" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய கேள்விக்குறிகளை அவளையே எண்ணிப் பார்க்கவைத்து, அதில் எத்தனை சரி என்று பக்கத்தில் எழுதச்சொன்னபோதுதான் தன்னை நம்ப ஆரம்பித்தாள். பாராட்டைவிடச் சொந்தக் கையெழுத்தில் இருந்த கணக்கை அவள் நம்பினாள்.

டெஸ்ட் பேப்பர் திருப்பிக் கொடுக்கும் முறையையும் மாற்றினேன். கையில் வாங்கியதும் பிள்ளைகள் பார்ப்பது மேலே இருக்கும் மார்க்கையும் பக்கத்தில் இருப்பவன் மார்க்கையும்தான், உள்ளே புரட்டுவதே இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லவெட் என்பவர் பரப்பிய ஒரு முறை உண்டு, திருத்திய தாளோடு ஒரு சின்னக் கேள்விச் சீட்டையும் சேர்த்துக் கொடுப்பது. நான் மூன்று கேள்வி வைத்துக்கொண்டேன். இந்த டெஸ்டுக்கு எப்படிப் படித்தாய், பார்த்தாயா, எழுதிப் போட்டாயா? மார்க் எங்கே போனது? அடுத்த தடவை மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயம் என்ன? மார்க்கை அன்றைக்குச் சொல்வதில்லை, சீட்டு வந்த பிறகுதான். இரண்டாவது கேள்விக்கு முதலில் எல்லாரும் "கவனக்குறைவு" என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் அதை எழுதிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. கேள்வி புரியவில்லையா, வழி தெரியவில்லையா, வழி தெரிந்து நடுவில் எந்த வரியில் தப்பியது, நேரம் போதவில்லையா, இப்படித்தான் எழுத வேண்டும். ஒரு பையன் பழைய தாள்களை எல்லாம் எடுத்துவைத்துப் பார்த்து, அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் இருந்தால் உள்ளே இரண்டாவது உறுப்புக்குக் குறி மாற்ற மறந்துவிடுகிறான் என்று கண்டுபிடித்தான். அவ்வளவு நாள் தனக்கு இயற்கணிதமே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அந்தச் சீட்டுகளை வாங்கி வைத்திருந்து அடுத்த டெஸ்டுக்கு நான்கு நாள் முன்பு திருப்பிக் கொடுங்கள், இதை மறந்துவிட்டால் மொத்த முயற்சியும் வீண்.

முதல் கேள்விக்கு வந்த பதில்கள் இன்னொன்றையும் காட்டின. பெரும்பாலோர் கணக்கைக் கைடில் "பார்த்துவிட்டு" வருகிறார்கள். படிப்பது என்றால் பார்ப்பது. இதை அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாது. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனையைக் கதையாகச் சொன்னேன். ஒரு பகுதியை நான்கு தடவை திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் எழுதினார்கள், ஒரு தடவை படித்து மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம் எழுதினார்கள். ஆனால் படித்து முடித்த உடனே எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகமாக நம்பியது முதல் கூட்டம்தான். "அப்போ ஏமாத்தறது நம்ம மனசுதானா மிஸ்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கைடை மூடிவைத்துவிட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம் கூடினார்கள், எல்லாரும் இல்லை.

ஆசிரியர் செய்ய வேண்டியதில் கஷ்டமானது, நாம் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவது. தயார் செய்து வந்த கணக்கில் அது நடக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும், பிள்ளைகள் மிஸ்ஸுக்கு எல்லாம் தானாக வருகிறது என்றுதான் நினைப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களே எங்கிருந்தாவது ஒரு கணக்கைக் கொண்டுவரச் சொல்கிறேன், நான் அதுவரை பார்க்காததாக இருக்க வேண்டும். பலகை முன் நின்று, "எனக்கு முதலில் சைன் என்று தோன்றுகிறது, ஆனால் கர்ணம் எங்கேயும் கொடுக்கவில்லையே, அப்போ இது சரிவராது, படம் போட்டுப் பார்க்கிறேன்" என்று நடப்பதை நடந்தபடி சொல்வேன். சில நாள் மாட்டிக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் மாடி அவ்வளவு அமைதியாக இருக்கும், எல்லார் கண்ணும் பலகையில். மாட்டிக்கொண்டால் ஒரு ஆள் என்ன செய்வார் என்பதை அவர்கள் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

எழுதுவதற்குப் பதில் பேசவிடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருத்தர் போட இன்னொருத்தர் "ஏன் இப்படி?" என்று மட்டும் கேட்க வேண்டும், திருத்தக்கூடாது. எந்த மொழியிலும் பேசலாம். சௌராஷ்டிரம் பேசும் இரண்டு பெண்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசத் தயங்குவார்கள், தங்களுக்குள் வீட்டு மொழியில் வாதாடி, நடுநடுவே எக்ஸ், டேன் தீட்டா மட்டும் எனக்குப் புரிய, கடைசியில் "மிஸ், மூணாவது ஸ்டெப்லயே தப்பு" என்று நிமிர்வார்கள். எழுத்துத் தமிழில் யோசனையை எழுதச் சொன்னால் இவர்கள் எழுத்துப்பிழைக்குப் பயந்தே நின்றுவிடுவார்கள். சின்ன வகுப்புகளுக்கும் இதுவே பொருந்தும். ஏற்காட்டில் நான்காம் வகுப்பு எடுக்கும் என் தோழி, எழுதவே வைப்பதில்லை, விடை சொல்லும் முன் கட்டைவிரலை மேலே, நடுவில், கீழே காட்டச் சொல்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. கண்ணைத் திறந்திருந்தால் எல்லாரும் முதல் பெஞ்சுப் பிள்ளையின் விரலைப் பார்த்துத் தூக்குவார்களாம்.

பெற்றோரிடம் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், மார்க் குறைந்த பிறகு பேசினால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். நான் இப்போது ஜூனிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்: தறியில் இழை அறுந்தால் நீங்கள் உடனே நிறுத்தி முடிச்சுப் போடுகிறீர்கள், அறுந்தது தெரியாமல் ஓடினால் துணி பூராவும் பழுது, உங்கள் பிள்ளைக்கு இழை அறுவதைப் பார்க்கப் பழக்குகிறேன், தினமும் ஐந்து நிமிடம்தான், மீதி நேரம் முழுக்கக் கணக்குதான். ஒருத்தர்கூட மறுத்ததில்லை. ஆனால் குறிகளையும் சீட்டுகளையும் பெற்றோரிடம் காட்டுவதில்லை என்று பிள்ளைகளிடம் சத்தியம் செய்திருக்கிறேன், அதைக் காப்பாற்றுகிறேன். வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை பெருக்கல் குறி போடும்?

எப்போது ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: ஜூன், ஜூலை. காலாண்டுக்குள் குறி போடுவது பழகிவிட வேண்டும், காலாண்டுத் தாளிலிருந்து கேள்விச் சீட்டைத் தொடங்கலாம். முதல் மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், டெஸ்ட் மார்க் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யலாம், ஏனென்றால் கேள்வியை நின்று படிக்க ஆரம்பிப்பதால் வேகம் குறையும். எனக்கு மாற்றம் தெரிய அரையாண்டு வரை ஆனது, சில பிள்ளைகளுக்குக் கடைசி வரை வரவே இல்லை, அவர்களுக்கு அடிப்படைக் கணக்கிலேயே ஓட்டை இருந்தது, முதலில் அதைத்தான் அடைக்க வேண்டும். திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பிறகு புதிதாக எதையும் நுழைக்காதீர்கள். அப்போது எஞ்சியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பதினான்கு ஒரு மார்க் கேள்விகளையும் முடித்ததும் கேள்விக்குறி போட்டவற்றுக்கு மட்டும் திரும்பி வருவது, டிக் போட்டதைத் தொடாமல் இரண்டு மார்க்குக்குப் போய்விடுவது. ஹாலில் விடைத்தாளில் குறி போடக்கூடாது, கேள்வித்தாளிலும் எதுவும் எழுதக்கூடாது என்பார்கள், அதனால் மார்ச்சுக்கு முன்பே குறியை மனதிலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள்.